மெலிந்துபோனதற்கு ஒரு விசாரணை

இன்று திருக்கோகர்ணம் டவுன் பஸ்ஸில், பழைய பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"என்ன தம்பி, இப்புடி எளைச்சுப் போயிட்டீங்க? வீட்ல சோறு போடுறதில்லையா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது.

"மாரடைப்பு வந்த பெறகு, எடை குறைய டாக்டர் ஊசி எழுதிக் குடுத்திருக்காருங்கக்கா. என்னை மாதிரி ஆளுங்களுக்கு அது இருதயத்துக்கும் நல்லதுன்னு ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்காம். பசிதான் அவ்வளவா எடுக்காது" என்றேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஆராய்ச்சியெல்லாம் கெடக்கட்டும்மா. நீ வேளாவேளைக்குச் சமைக்கிறியா, இல்லையா?"

வீட்டுக்கு வந்ததும் தட்டு நிறைய இட்லி. என்னால் இரண்டுக்கு மேல் முடியவில்லை. மீதியை அவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

என் இதயத்தை ஊசி பார்த்துக்கொள்ளும். அவள் மானத்தைக் காப்பாற்ற எந்த ஊசி போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.