மழைக்கோட்டோடு வந்த புழு

அரிய செடிகளை வளர்க்கும் அந்தக் கண்ணாடிக்கூடத்தில் அவளுக்கு நத்தை அக்கா என்றுதான் பெயர். அவள் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் மற்றவர்கள் டீ குடித்து, ஊர்வம்பும் பேசிவிட்டு வந்துவிடுவார்கள். அவளுக்கு வாய்த்த செடியும் அப்படித்தான். காட்டில் ஏறக்குறைய அழிந்தே போய்விட்ட ஒருவகை பாக்ஸ்வுட், மெல்ல வளரும் குட்டை இலைச் செடி. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இடுப்பில் இருந்த மகள் இன்று அவளைவிட உயரம். செடியோ இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை. இருந்தும் அதன்மேல் அவளுக்கு உயிர்.

சேரும்போதே ஒரு பொய் சொல்லியிருந்தாள். வெளியிலிருந்து பூச்சி தொற்றிவிடக் கூடாதே என்று, வீட்டில் யாராவது தோட்டங்களில் பாக்ஸ்வுட் வேலி வெட்டுகிறார்களா என்று கேட்டார்கள். வாய் கூசாமல் இல்லை என்றாள். கணவனுக்கு அதுதான் பிழைப்பு. அந்த வேலிகளில் இப்போது பச்சைப் புழு விழுந்திருந்தது, செடியையே மொட்டையடித்துவிடும். அதனால் அவன் துணிகளைத் தனியாகத் துவைத்து, தனியாகக் காயப்போடுவாள்.

அன்று காலை பேய்மழை. கண்ணாடிக்கூடத்தின் மேல்ஜன்னல் திறந்து கிடக்க, சாரல் நேராகச் செடிமேல் அடித்தது. பதறிப்போய், மழைக்கோட்டைக் கழற்றாமலே உள்ளே ஓடிச் சாத்தினாள். அப்புறம்தான் கவனித்தாள், கோட்டின் கை தொளதொளவென்று இருந்தது. அது கணவனுடையது. மடிப்பில் ஒரு புழு நெளிந்தது.

நசுக்கிவிட்டாள். ஆனால் ஒன்றுதானா? வாயைத் திறந்தால் வேலை போகும். மூடிக்கொண்டால் செடி போகும்.

மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய் நின்றாள்.

"அம்மா, எங்க வீட்டுக்காரர் வேலி வெட்டுறவரு. அவரு கோட்டைப் போட்டுக்கிட்டு உள்ள போயிட்டேன். புழு இருந்துச்சும்மா."

"எத்தனை?"

"நான் பாத்தது ஒண்ணு."

"அப்ப இத்தனை வருஷமா என்கிட்ட பொய் சொல்லிட்டிருந்தியா?"

அவள் கோட்டைக் கழற்றிக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வெளிய போ. இனிமே உள்ள கால் வைக்காதே."

கண்ணாடிக்கு வெளியே மழையில் நின்றாள். உள்ளே அந்த அம்மாள் செடியருகே மண்டியிட்டு, இலை இலையாகப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு புழுவை எடுத்து நசுக்கிவிட்டு, இவளைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். பிறகு இரண்டாவது விரல்.

வேலை போனது அப்போது நினைவிலேயே இல்லை. மூன்றாவது விரல் மட்டும் எழக்கூடாது என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டி நின்றாள். அந்த அம்மாள் மறுபடி குனிந்தார்.