கேஜ் வைத்துப் பார்ப்பவள்

ஆம்பூர்த் தொழிற்சாலையில் ஒவ்வொரு தோலின் கனத்தையும் கேஜ் என்னும் கருவியால் அளப்பவள் அமிர்தவள்ளி. பிறவியிலேயே அவளுடைய இதயத்தில் ஓர் ஓட்டை. நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் மிதமிஞ்சி ஏறியிருந்தால் அந்த ஓட்டையை அடைக்க இயலாது. எக்கோ பரிசோதனையில் அழுத்தம் மிகுதியாகவே தெரிந்தது. ஆனால், தொடைவழியே குழாய் செலுத்தி அளந்தால்தான் உறுதி என்றார் வேலூர் மருத்துவர்.

"அதான் ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்களே, மறுபடி இன்னாத்துக்கு?" என்று தடுத்தான் கணவன் காசி.

"பார்வைக்கு மொத்தமா இருக்குன்னு எந்தத் தோலையாவது நான் கழிச்சிருக்கேனா? கேஜ் வச்சுப் பாத்துத்தான்யா கழிப்பேன்" என்றவள், ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டாள்.

மறுநாள் குழாய் செலுத்தி அளந்துவிட்டு மருத்துவர் சிரித்துக்கொண்டே வந்தார். "எக்கோ காட்டினதவிட கம்மிதாம்மா. அடைச்சிடலாம்."

அமிர்தவள்ளி காசியைப் பார்த்தாள். "ஃபேக்டரிக்கு ஒரு மாசம் லீவு சொல்லிட்டு வாய்யா. என் கேஜை யாரும் தொடக்கூடாதுன்னும் சொல்லு."