எட்டுப் பவுண்டு காற்று

காலைத் தரையில் ஊன்றக் கூடாது. அவ்வளவுதான் அந்தப் போட்டி. வேகமாகப் போகிறவனுக்கு அங்கே மரியாதை இல்லை. பாறை, ஓடை, சேறு, மரவேர் என்று எங்காவது முப்பது கஜத்துக்குக் கயிறு கட்டித் தடம் போட்டிருப்பார்கள். மோட்டார் சைக்கிளின் மேல் நின்றபடியே அதைக் கடந்து மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு தடவை கால் பட்டால் ஒரு மார்க். பல தடவை பட்டால் மூன்று. நின்றாலோ விழுந்தாலோ ஐந்து. யாருக்கு மார்க் குறைவோ அவன் ஜெயித்தான். ட்ரையல்ஸ் என்பார்கள்.

இதை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அப்பா வெகுநேரம் சிரித்தார்.

"மெதுவாப் போறதுக்கு எதுக்குடா மோட்டாரு? நம்ம பண்ணை மாட்டுவண்டியக் குடுத்திருந்தா நானே பிரைசு வாங்கியிருப்பேனே!"

அப்பா ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வண்டிக்காரர். புல் ஏற்றி வருவதும் எரு ஏற்றிப் போவதும் அவர் வேலை. கைநாட்டு வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் எனக்கு மேசை நாற்காலி போட்ட வேலை கிடைக்கும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். இரண்டு வருஷம் மனுப் போட்டுப் போட்டு ஒன்றும் நடக்காமல், பெங்களூர் ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். ஒரு மாதத்தில் பேனாவை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

பட்டறை முதலாளி தெலுங்குக்காரர். பெங்களூரில் ராணுவம் கழித்துப் போட்ட வண்டிகளை ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்து வந்திருந்தார். சண்டைக் காலத்து வண்டி. அவர் அதை ஓட்டுவதில்லை. நான் கேட்டபோது, "எடுத்துக்கோப்பா, துருப்பிடிச்சுச் சாகறதுக்குப் பதிலா நீ உடைச்சே சாகட்டும்" என்றார்.

முன் மட்கார்டையும் பெரிய விளக்கையும் கழற்றினேன். கால் வைக்கும் கம்பிகளைக் கொஞ்சம் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளிப் பற்றவைத்தேன். பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் மாட்டினேன், முதல் கியரில் ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் போக. எஞ்சினின் அடிவயிறு பாறையில் அடிபடாமல் இருக்க ஓர் இரும்புத் தகடு. ஞாயிற்றுக்கிழமைகளில் தொரப்பள்ளி ஆற்றில் தண்ணீர் வற்றிய இடத்தில் கூழாங்கற்கள் மேல் ஓட்டிப் பழகினேன். ஹேண்டில்பாரில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைத் தள்ளினால் எஞ்சின் தீப்பொறி தாமதமாகும். வண்டி பதறாமல் டக், டக் என்று ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கும். கிளச்சில் இரண்டு விரல். முழங்கால் தளர்வாக. வண்டி இடதுபக்கம் சாய்ந்தால் உடம்பு வலதுபக்கம். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அது போகப்போகிற இடத்துக்கும் அப்பால் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைப் பார்க்கிறவன் விழுவான். இதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஆறு மாதமும் இரண்டு முழங்கால் தோலும் ஆயின.

இன்னொன்று, டயர். ரோட்டில் ஓட்டும்போது இருக்கிற காற்றோடு பாறை ஏறினால் சக்கரம் வழுக்கும். பின் டயரில் எட்டுப் பவுண்டு காற்று மட்டும் விட்டு மீதியை இறக்கிவிட வேண்டும். அப்போது டயர் சப்பென்று அமுங்கிப் பாறையைக் கையால் பிடிப்பதுபோலப் பிடிக்கும். வெளியே இருந்து பார்த்தால் பஞ்சர் என்றுதான் நினைப்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா பட்டறைப் பக்கம் வந்தார். வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்து, "இதெல்லாம் எதுக்குப்பா இப்படிப் பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டார். நான் ஏதோ வேலையில் இருந்தேன். "சொன்னாப் புரியாதுப்பா உனக்கு" என்றேன். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு முதலாளியோடு பேசப் போய்விட்டார்.

பெங்களூரில் மோட்டார் சைக்கிள் விற்கிற பெரிய கடைக்காரர் ஒருவர் போட்டிகளுக்கென்று ஓட்டுநர்களை வைத்திருந்தார். கடையின் ஒர்க்‌ஷாப்பிலேயே அவர்களுக்கு நிரந்தர வேலை. என்னைப் பற்றி முதலாளி அவரிடம் சொல்லியிருக்கிறார். பேரிகை போகும் வழியில் ஒரு பாறைக் குன்றில் பெங்களூர்க்காரர்கள் போட்டி நடத்தப்போவதாகவும், அதில் முதல் மூன்றுக்குள் வந்தால் என்னை எடுத்துக்கொள்வதாகவும் கடையிலிருந்து கடுதாசி வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்த கடுதாசி. அப்பா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுநாள் பண்ணை முழுக்கத் தெரிந்துவிட்டது. மாட்டு டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்: "நம்ம பையன் பெங்களூர் கம்பெனிக்குப் போறானுங்க."

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஞாயிறு பூசையைத் தவறவிடாத மனிதர். அன்று அம்மாவை மட்டும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, தூக்குப்போசியில் சோற்றை வாங்கிக்கொண்டு, சைக்கிளை மிதித்து அவ்வளவு தூரம் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, ஈஸ்டருக்கு எடுத்த சட்டை.

வண்டிகளையெல்லாம் ஒரு புளியமரத்தடியில் வரிசையாக நிறுத்தியிருந்தோம். நான் காற்றை இறக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, திரும்பும்போது காற்றடிக்க வேண்டுமே என்று கைப்பம்பை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தடத்தைப் பார்க்கப் போனேன். ஓட்டுவதற்கு முன்னால் தடத்தை நடந்து பார்ப்பது வழக்கம். எந்த இடத்தில் எந்தக் கல், எங்கே திரும்புவது என்று மனப்பாடம் செய்ய வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு முதல் தடமே பெரிய பாறையாக விழுந்தது. சரிவான கருங்கல். நடுவில் ஊற்றுத் தண்ணீர் கசிந்து பாசி பிடித்திருந்தது. பாசியைத் தாண்டியதும் இடதுபக்கம் ஓர் உருண்டைக் கல்லைச் சுற்ற வேண்டும். நான் மூன்று தடவை நடந்தேன். கால் கட்டைவிரலால் பாசியைத் தேய்த்துப் பார்த்தேன். எட்டுப் பவுண்டு டயர் இதில் ஏறும் என்று உறுதியானது.

அதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓடினேன். வண்டிக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "போ கண்ணு, எல்லாம் சரியா இருக்கு" என்றார். ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு உதைத்துக் கிளப்பினேன். மறுபடி ஒருமுறை டயரை அழுத்திப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பாறையின் காய்ந்த பகுதியில் ஏறும்போதே வண்டி துள்ளியது. பாறைதான் கரடுமுரடு என்று நினைத்தேன். பாசியில் சக்கரம் ஏறிய நொடியில் பின்பக்கம் என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கீழே கிளம்பியது. வலதுபக்கமாக விழுந்தோம். நான் நின்றுவிட்டேன். வண்டி நிற்கவில்லை. கருங்கல்லில் இரும்பு கிறீச்சிட, பத்து கஜம் படுத்தவாக்கில் சறுக்கிப்போய்க் கீழே ஒரு கல்லில் மோதியது. கியர் லீவர் தண்டோடு ஒடிந்திருந்தது. இனி ஒரு தடம்கூட ஓட்ட முடியாது.

தூக்கி நிறுத்தும்போது கை தற்செயலாகப் பின் டயரில் பட்டது. கல் மாதிரி இருந்தது.

"யார்றா என் டயருக்குக் காத்தடிச்சது?" என்று கத்தினேன். பெங்களூர்ப் பையன்கள் யாரோ விஷமம் செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அடி பட்டுச்சா சாமி?" என்று என் முழங்கையைப் பிடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவரும் நானும் மட்டும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டிய ரகசியம்போலச் சொன்னார்: "நான்தான்பா அடிச்சேன். பொட்டுக் காத்து இல்லாமக் கெடந்துச்சு. பாத்தா மத்தவங்க வண்டியும் அப்படித்தான் கெடந்துச்சு, எல்லாத்திலயும் காத்து இல்ல. நான் அவனுங்ககிட்ட சொல்லவே இல்லயே! உன்னுதுக்கு மட்டும் கெட்டியா அடிச்சு வச்சேன்."

அவர் முகத்தில் அப்போதும் அந்தச் சின்னச் சிரிப்பு இருந்தது. நான் விழுந்ததற்கும் காற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் நின்ற ஒருவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவன் மற்றவர்களுக்குக் கன்னடத்தில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். "பெரியவரே, எங்க வண்டியெல்லாம் விட்டுட்டீங்களே, பாவம் இல்லையா நாங்க?" என்று ஒருவன் கன்னடத்திலேயே கேட்டான். அப்பாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். அவர் முதலில் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்னை யாரு தொடச் சொன்னது?" என்றேன். "எழுதப் படிக்கத் தெரியாத ஆளு, தெரியாததையெல்லாம் எதுக்குத் தொடுற? எருவண்டி ஓட்டுறவனுக்கு இங்க என்ன வேலை?"

சிரிப்பு நின்றுவிட்டது. போட்டியைப் பார்க்க வந்திருந்த பெங்களூர்க் கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். அப்பா என் முழங்கையிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டைச் சரிசெய்தார். "காத்து இல்லாமக் கெடந்துச்சு" என்று இன்னொரு தடவை சொன்னார், எனக்கில்லை, தரைக்கு.

என்னோடு வந்திருந்த பட்டறை முதலாளி, பேரிகையிலிருந்து திரும்புகிற எங்கள் ஊர் லாரி ஒன்றைப் பிடித்தார். பின்னால் வண்டியை ஏற்றிக் கட்டினோம். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மைல் போனதும் முன்னால் ரோட்டோரத்தில் அப்பாவின் சைக்கிள் தெரிந்தது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். ஹேண்டில்பாரில் தூக்குப்போசி ஆடியது.

"உங்க அப்பா மாதிரி இருக்குதே. நிறுத்தட்டா?" என்றார் டிரைவர்.

"வேணாம், போங்க" என்றேன். லாரியின் புழுதி அவர் மேல் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அவர் வந்து சேர இருட்டத் தொடங்கிவிட்டது. தூக்குப்போசி காலியாக இருந்தது. "சாப்பிட்டானா?" என்று அம்மா கேட்டாள். "சாப்பிட்டான்" என்றார் அப்பா. சோற்றை எங்கே கொட்டினார் என்று எனக்குத் தெரியாது. அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கடையிலிருந்து கடுதாசி வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். வேலை போனது எனக்கு அப்போது பெரிய துக்கமாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் ஏதோ தவறிப்போன பஸ் மாதிரிதான் இருக்கிறது. அந்தக் கடுதாசி வந்த விதம்தான் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் அப்பா என்னை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார். தேர்தல் நோட்டீஸைக்கூட விடமாட்டார். இந்தக் கடுதாசியைத் தபால்காரர் அவரிடம்தான் கொடுத்திருக்கிறார். அவர் அதைப் பிரிக்காமல் என் பெட்டி மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்ட விதம் தப்பு. ஒருநாள் ஒரு காகிதத்தில் டயரை வரைந்து, காற்று அதிகமானால் தரையில் எவ்வளவு படும், குறைந்தால் எவ்வளவு படும் என்று அவருக்கு விளக்கினேன். புரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "இப்பப் புரியுதுப்பா. அன்னைக்குத் தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார். நான் கேட்க வந்த மன்னிப்பை அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் என்னிடம் கோபமாக இல்லை. இருந்தால் தேவலை. வழக்கம்போலப் பேசுகிறார், மாட்டு டாக்டரைப் பற்றி ஜோக் அடிக்கிறார். ஆனால் என் பொருள் எதையும் தொடுவதில்லை. பாயை விரிக்க இடம் வேண்டுமென்றால், கிடக்கிற என் புத்தகத்தை நகர்த்தாமல் நான் வரும்வரை உட்கார்ந்திருப்பார். "இதை எடுக்கலாமாப்பா?" என்று கேட்பார். தண்ணீர் குடிக்கிற என் டம்ளருக்கும் அதே கேள்விதான்.

ஐப்பசியில் ஒருநாள் பட்டறையிலிருந்து நனைந்துகொண்டே வந்தேன். அம்மா ஊரில் இல்லை. கொடியில் காய்ந்த துணிகளையெல்லாம் அப்பா எடுத்து மடித்து வைத்திருந்தார், அவருடைய வேட்டி, அம்மாவின் சேலை, துண்டு எல்லாம். என் சட்டை மட்டும் மழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, இதையும் எடுத்திருக்கலாமே?"

"நீ சொல்லிட்டுப் போயிருந்தா எடுத்திருப்பேன்" என்றார். குத்தலாக இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

நான் போய்ச் சட்டையை எடுத்து வந்து பிழிந்தேன். அவர் ஒரு முனையைப் பிடிக்கக் கையை நீட்டினார், பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "பிடிப்பா" என்றேன். பிடித்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினோம்.

இப்போதெல்லாம் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போகிறேன்: மழை வந்தா என் துணியை எடுத்து வைப்பா. அவர் "சரிப்பா" என்கிறார். சொன்ன நாளில் எடுத்து வைக்கிறார்.