சுருதி சேர்க்கிறார் என்று நினைத்தோம்

என் அக்கா நன்னிலத்தில் பாட்டு டீச்சராக இருந்தாள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் கரகரத்து அடித்தொண்டையிலேயே நின்றுவிட்டது. "பேசலாம், பாடலாம். பழைய குரல் மட்டும் வராது" என்றார் டாக்டர். அது இல்லையென்றால் எதுவுமே வேண்டாம் என்று இவள் வாயை மூடிக்கொண்டாள். தஞ்சாவூருக்கு என் வீட்டோடு அழைத்து வந்தேன். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதிலிருந்து போனில் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது வரை அவளுக்கும் சேர்த்து நானே பேசினேன். எனக்கு வாய் நீளம்தான். ஆனாலும் ஒரு வருஷமாக இரண்டு பேருக்குப் பேசி அலுத்துவிட்டது. அலுப்பு என்பதுகூடப் பொய், பயம். இப்படியே ஊமையாகிவிடுவாளோ என்ற பயம்.

அப்போதுதான் ஒரு கல்லூரி அரங்கில் தூவா நாட்டுக்காரர்கள் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சைபீரியாவின் தெற்குக் கோடியில், மங்கோலியாவை ஒட்டிய பூமி. தொண்டைப் பாட்டாம். எல்லாரும் பின்னே எதில் பாடுகிறார்களாம் என்று எனக்குச் சிரிப்பு. அக்கா மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"உன்னையா பாடச் சொன்னேன்? கேக்கத்தானே கூப்பிடுறேன். கெளம்பு."

அரங்கில் முக்கால்வாசி நம் சங்கீத ரசிகர்கள். தொடையில் தாளம் போடக் கை தயார். ஏற்பாடு செய்தவர்கள் மரியாதையாக மேடையில் ஒரு சுருதிப் பெட்டியை வேறு வைத்திருந்தார்கள். நீண்ட அங்கியும் பூட்ஸுமாக வந்த பாடகர் அதைப் பார்த்துச் சிரித்தார், தொடவில்லை. இரண்டு தந்தி வாத்தியத்தை மடியில் நிறுத்தி வில்லைப் போட்டார். வாயை லேசாகத் திறந்தார். அடிவயிற்றிலிருந்து கரகரவென்று ஒரே ஸ்வரம் வந்தது. அப்படியே நின்றது.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் சுருதி சேர்க்கும்போது பேசுவது குற்றமே இல்லை. பாட்டு ஆரம்பித்தால் வாயை மூடுவோம், அதுவரை உலக விவகாரம்தான். ஆகவே பின்வரிசையில் குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று ஆரம்பித்தார்கள். நானும் வெட்கமில்லாமல் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தேன். திடீரென்று அந்தக் கரகரப்புக்கு மேலே மெல்லிசாக ஒரு சீழ்க்கை எழுந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் கோபமாகத் திரும்பி, "யாருங்க அது விசிலடிக்கிறது? அவர் இன்னும் சுருதியே சேக்கலை!" என்றார்.

"பாடிக்கிட்டிருக்காருங்க!"

சொன்னது அக்கா. ஒரு வருஷமாக யார் காதிலும் விழாமல் ஒளித்து வைத்திருந்த அந்தக் கரகரத்த குரல், நான்கு வரிசைக்குக் கேட்டது. "ரெண்டும் அவர் தொண்டையிலேருந்துதான் வருது. சித்த சும்மா இருங்க."

தலைகள் திரும்பின. கூசிப்போய் எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு அடங்கியது. அப்புறம்தான் எனக்கும் கேட்டது. நாங்கள் சுருதி என்று ஒதுக்கிவைத்த அந்தக் கரகரப்புக்குள்ளேயே மேடும் பள்ளமுமாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல குரல் என்றால் என்ன என்று இத்தனை வயதில் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அக்கா அந்த மனிதரின் தொண்டையைப் பார்த்தபடி தன் கழுத்துத் தழும்பில் விரலை வைத்திருந்தாள். பாட்டு முடிந்ததும் முதலில் கைதட்டியதும் அவள்தான்.

கச்சேரி முடிந்து வாசலில் செருப்புத் தேடும்போது அந்தப் பெரியவர் பக்கத்தில் வந்தார். "மன்னிச்சுக்குங்கம்மா, எனக்குப் புரியலை. நீங்க இவ்வளவு கவனிச்சிருக்கீங்களே, நீங்களும் பாடுவீங்களா?"

பழக்க தோஷம், நான்தான் வாயைத் திறந்தேன். "இல்லீங்க, அவளுக்குத் தொண்டையில..."

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பாடுவேங்க" என்றாள்.