அக்கா போட்ட "நீங்க"

சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் அறையில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் டீச்சருக்கு ஒரு பிடிவாதம். எந்தச் சொல்லையும் அர்த்தத்தோடு மட்டும் விடமாட்டார். அது எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது என்று பூர்வீகம் முழுக்கச் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்சுகளும் டிரைவர்களும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். வேறு வழி?

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. இது வகுப்பில் யாருக்கும் தெரியாது. குடித்துவிட்டு ஊர் சுற்றி, அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட எட்டிப் பார்க்காத பிள்ளை. எல்லாம் முடிந்த பிறகு திருந்தி வந்து என்ன பிரயோஜனம்? டீச்சர் அவனை வகுப்பில் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். "நீங்க படிங்க", "நீங்க சொல்லுங்க" என்று ஊரார் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை. நாலு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அக்கா ஒரே ஒரு தடவை "டா" போட்டால் போதும், நிம்மதியாக விமானம் ஏறிவிடுவான். பயணமோ நாளைக்கு.

அன்று ஒரு நர்ஸ் கேட்டாள்: "டீச்சர், குவாப்போன்னா என்ன?"

"அழகன்னு அர்த்தம். அங்கே வாய் நிறையச் சொல்லுவாங்க." அதோடு விடுவாரா? "ஆனா பூர்வீகம் கொஞ்சம் மட்டம். லத்தீன்ல வப்பான்னா கெட்டுப்போன திராட்சை மது. உதவாக்கரை ஆளையும் அப்படித்தான் திட்டுவாங்க. அதுலேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க. அப்புறம் ரவுடி, மினுக்கிக்கிட்டுத் திரியறவன்னு ஆகி, கடைசியில அழகன்."

"அய்யய்யோ! திட்டு எப்படி டீச்சர் புகழ்ச்சியாச்சு?"

"யாராவது பிரியமா திட்டியிருப்பாங்க" என்றவர் சட்டென்று நிறுத்தினார். சாக்பீஸைத் தேடுகிற சாக்கில் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாக்பீஸ் கையில்தான் இருந்தது. தம்பி தலையைத் தூக்கவே இல்லை.

எல்லோரும் போனபின் அவன் வழக்கம்போல நாற்காலிகளை அடுக்கினான். "போயிட்டு வர்றேன், டீச்சர்" என்று வாசலுக்குத் திரும்பினான்.

"நில்லு."

விறுவிறுவென்று வந்தவர், உள்ளே மடிந்திருந்த அவன் காலரை வெடுக்கென்று வெளியே இழுத்துவிட்டார். "தடிமாடு! சட்டைகூட ஒழுங்கா போடத் தெரியல, இவரு கடல் தாண்டப் போறாராம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணல, தோலை உரிச்சிடுவேன்டா!"

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான். பாதிப் படியில் உட்கார்ந்து, சைக்கிள் கடைக்காரர் பதறிப்போய் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதான்.