ரொட்டிக்கடைத் தராசில் ஒரு குழந்தை

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் மேடையக்கா. மேடை ஏறி முழங்குகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்பேட்டை முனையில் இருக்கும் எடைமேடையில், கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து, வண்டிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. சரக்கோடு வண்டி ஏறும், ஓர் எடை. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வரும், இன்னோர் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்தக் கழித்தல் கணக்கில் அவள் கண்ணில் மண்ணைத் தூவியவன் இதுவரை பிறக்கவில்லை. டிரைவர் இறங்காமல் சீட்டுக்கடியில் படுத்திருந்தால்கூட, "அண்ணே, தூங்கினது போதும், உங்களையும் சேர்த்து எடை போடச் சொன்னாங்களா?" என்று ஜன்னல் வழியாகக் கூவி, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவாள்.

"வாயால சொல்றதெல்லாம் எனக்கு வேணாம், மேடையில ஏத்து" என்பது அவள் வாயில் எப்போதும் நிற்கும் பேச்சு. புறப்பட்ட இடத்தில் போட்ட எடைக்கும் இங்கே போடும் எடைக்கும் துண்டு விழுந்தால் காரணம் இரண்டுதான். ஒன்று, வழியில் சிந்தியிருக்கும். இல்லை, எவனோ கை வைத்திருப்பான். மூன்றாவது காரணம் என்று ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. அந்தப் புத்தியோடுதான் பிள்ளை பெற்றாள், அதுதான் வம்பாகிப் போயிற்று.

கல்யாணமாகி நெடுநாள் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்த பெண் குழந்தை. புருஷன் ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை செய்பவன். துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "அடடா, இப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுத்த மாதிரி சூடா இருக்காளே" என்றான். அன்றிலிருந்து குழந்தைக்குப் பன்னு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

தாய்ப்பால் மட்டும்தான். முதல் மூன்று மாதம் பன்னு மளமளவென்று ஏறினாள். ஒவ்வொரு மாதமும் குழந்தைகள் கிளினிக்கில் எடை போடும் சிஸ்டர், "நல்லா ஏறியிருக்கும்மா" என்று சொல்வார். மேடையக்காவுக்குத் தலைகால் புரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பன்னுவின் தொடையைக் கிள்ளிக் கிள்ளிக் கொஞ்சிக்கொண்டே வருவாள்.

நான்காம் மாதம் போனபோது ஊசி போடும் நாள். ஒரே கூட்டம், ஒரே அழுகை. சிஸ்டர் எடையைப் பார்த்தார், போன மாத எடையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தத் தடவை கொஞ்சம்தான் ஏறியிருக்கு. முன்ன ஏறினதுல பாதிகூட இல்ல. பார்த்துக்குங்க. அடுத்தது யாரும்மா?"

பார்த்துக்குங்க! எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது? கேட்பதற்குள் அடுத்தவளின் பிள்ளை தராசில் ஏறி வீறிட்டது. மேடையக்கா நகர வேண்டியதாயிற்று. வெளியே வந்தவள் பன்னுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை.

அவளுக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து தேறாமல் போயிருந்தது. அம்மா கடைசிவரை ஒரே வார்த்தையைத்தான் சொல்வாள்: "நல்லாத்தான் குடிச்சான், எப்படிக் கரைஞ்சான்னே தெரியல." பார்க்காத அந்த அண்ணன் இத்தனை வருஷம் கழித்து வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். கரைந்துகொண்டிருக்கிறாளோ? எங்கோ சிந்துகிறதோ?

"அவ கையைக் காலை ஆட்டுறா, என்னைப் பார்த்தா சிரிக்கிறா, துவைச்சுக் காயப்போட்ட துணியெல்லாம் பத்தாம நனைக்கிறா. அப்புறம் என்ன கேடு?" என்றான் புருஷன்.

"சிரிப்பை எடை போட முடியுமா? உங்களுக்கு என்ன, காலையில போனா மாவோட மல்லுக்கட்டிட்டு வந்து படுத்துடுவீங்க. பெத்தவளுக்குத்தான் தெரியும்."

"நானும் பெத்தவன்தாம்மா" என்று முணுமுணுத்தான். அது எடுபடவில்லை.

மறுநாள் புருஷனின் அக்கா வந்தாள். அவளுக்கும் பன்னு வயதில் ஒரு பையன், புட்டிப்பால் குடிக்கிறவன். ஆளைத் தூக்கி மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். அவனையும் பன்னுவையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியபோது மேடையக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாத்தனார் கெட்டவள் இல்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது.

"பால் பத்தலையோ என்னமோ. ஒரு டின் பால்பவுடர் வாங்கி வச்சிரு. பாட்டில்னா கோடு போட்டிருக்கும், எவ்வளவு உள்ள போச்சுன்னு கண்ணால பார்க்கலாம். உன்னோடது என்ன கண்ணாடியா, எட்டிப் பார்க்க?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சிரித்தாள். மேடையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே? அது அவளுக்குத் தெரியாத வித்தையா? வருஷக்கணக்காக அதைத்தானே செய்கிறாள்!

"என்னங்க, கடையில மாவு நிறுக்கிற பழைய தராசு ஒண்ணு சும்மா கிடக்குதே, அதைக் கேட்டு எடுத்துட்டு வாங்க" என்றாள் அன்று மாலை.

"எதுக்கு?"

"கொண்டாங்கன்னா கொண்டாங்க."

தராசு வந்தது. மின்சாரத் தராசு, மூலைகளில் காய்ந்த மாவு ஒட்டியிருந்தது. துடைத்துக் கட்டிலோரம் வைத்தாள். குடிக்கும் முன் ஓர் எடை. ஒரு பக்கம் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, எடுத்து, ஓர் எடை. மறுபக்கம் கொடுத்துவிட்டு, எடுத்து, இன்னோர் எடை. ஏறும் வண்டி, இறங்கும் வண்டி, கழித்தால் சரக்கு.

குழந்தை வாயை விடாது அல்லவா? வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து மெல்லப் பிரிப்பாள். பன்னு கண்ணைத் திறந்து திகைத்துப் பார்க்கும். குளிர்ந்த தட்டில் முதுகு பட்டதும் கத்தும். கத்தும்போது உதைக்கும், உதைத்தால் எண் ஓடும், நிற்காது. "ஆடாதேடி தங்கம், ஒரு நிமிஷம் ஆடாம இருடி" என்று கெஞ்சிக்கொண்டே எண் நிற்கும்வரை காத்திருப்பாள். நின்றதும் பார்த்தால், ஐயோ, இவ்வளவுதானா! திரும்பவும் மார்பில் போடுவாள். அழுது களைத்த குழந்தை நாலு வாய் உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போகும். சரி, பசி இல்லை போல என்று படுக்க வைத்துவிட்டு, இவள் மூலையில் உட்கார்ந்து அழுவாள்.

வாரம் ஓடியது. நாளாக ஆக எண் மோசமானது. பன்னு மார்பைக் கண்டாலே முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். முன்னெல்லாம் அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்த குழந்தை அது. புருஷன் ஒருநாள் தராசின் ஒயரைப் பிடுங்கிக் கையில் சுருட்டினான். "வேணாம்மா, விட்டுடு, எனக்கே பயமா இருக்கு" என்றான். அவள் அவன் கையிலிருந்து பிடுங்கித் திரும்பச் செருகினாள்.

ஒரு காலையில் துணி மாற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். காய்ந்து கிடந்தது. வெகு நேரம் முன்னால் கட்டிய துணி. அடர் மஞ்சளாய்ச் சின்னக் கறை ஒன்று மட்டும். தராசில் போட்டாள். போன வாரம் இருந்த அதே எண். ஒரு வாரத்தில் ஒன்றுமே ஏறவில்லை. காலில் செருப்புகூடப் போடாமல் பன்னுவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். வழியெல்லாம், "கரைஞ்சு போயிடாதடி, கரைஞ்சு போயிடாதடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கிளினிக்கில் அன்று கூட்டம் இல்லை. டாக்டரம்மா குழந்தையின் நாக்கைப் பார்த்தார், உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மேடையக்கா அவர் முகத்தையே பார்த்தாள், முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதுபோல. அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இங்கேயே பால் கொடுங்க. நான் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

கொடுத்தாள். பன்னு கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு வாய் வைத்தாள். முதலில் சின்னச் சின்ன உறிஞ்சல். அப்புறம் தாடை ஆழமாக இறங்கி ஏற ஆரம்பித்தது, விழுங்கும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து மேடையக்காவின் சுண்டுவிரல் தானாகப் போய்க் குழந்தையின் வாயோரத்தில் நுழைந்தது. பிரித்துத் தூக்கினாள். பன்னு வீறிட்டாள்.

"ஏன் எடுத்தீங்க?"

"எடை போட..." என்று அறையில் தராசைத் தேடினாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "வீட்ல ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் எடுப்பீங்களா?"

"ஆமா டாக்டர். அப்பத்தானே எவ்வளவு போச்சுன்னு..."

யாரும் விளக்கத் தேவையில்லை, அவளுக்கே பளிச்சென்று பிடிபட்டது. பாதி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வண்டியை இழுத்து வந்து மேடையில் நிறுத்திவிட்டு, சரக்குக் குறைகிறதே, குறைகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். சிந்தவும் இல்லை, எவனோ கை வைக்கவும் இல்லை. கை வைத்தது இவள்தான்!

"நானேதான் பட்டினி போட்டேனா டாக்டர்?" என்றாள்.

"முதல்ல குழந்தைய திரும்பப் போடுங்க, அழுவுது பாருங்க." அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாலாம் மாசம் கொஞ்சமா ஏறினதுக்கு நீங்க பயந்திருக்கவே வேணாம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைங்க முதல்ல வேகமா ஏறும், மூணு நாலு மாசத்துல வேகம் குறையும். சுறுசுறுப்பா இருந்து, நல்லா துணி நனைச்சுதுன்னா அது வளர்ற வளர்ச்சிதான். அதை அன்னிக்கே உங்களுக்கு யாராவது உட்கார வச்சு சொல்லியிருக்கணும், சொல்லல. ஆனா இந்த வாரம் வேற. ஒண்ணுமே ஏறாததும், துணி காஞ்சு கிடக்கிறதும் சாதாரணம் இல்ல. பயப்படாதீங்கன்னு நான் சும்மா சொல்ல மாட்டேன்."

"டின் பால்..."

"தேவைப்பட்டா நானே சொல்றேன். இப்ப கேட்டப்பல்லாம் கொடுங்க. அவளா விடுறவரைக்கும் எடுக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள நல்லா நனைக்கல, இல்ல சோர்ந்து கிடக்கிறான்னா, உடனே தூக்கிட்டு வந்துடுங்க. அடுத்த வாரம் இங்க எடை போடலாம். இங்க மட்டும்."

வீட்டுக்கு வந்து டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னதும் புருஷன் தராசைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். கட்டிலோரத்தில் சதுரமாகத் தராசுத் தடம் மட்டும் இருந்தது. அவள் பன்னுவை மடியில் போட்டுக்கொண்டாள். பன்னு கத்தினாள், மறுத்தாள், பிறகு பசி தாங்காமல் பிடித்துக்கொண்டாள். சுண்டுவிரல் துடித்தது. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு போகிறது? தெரியாது. போதுமா? தெரியாது. ஒன்றுமே தெரியாமல் அப்படி உட்கார்ந்திருப்பது அவளுக்கு நரகமாக இருந்தது.

பன்னு தானாக வாயை விட்டபோது ஜன்னல் வெயில் சுவரில் ஏறியிருந்தது. துணியைத் தொட்டாள். காய்ந்திருந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி தொட்டாள். புருஷன் கடையிலிருந்து பாதி வேலையில் ஓடி வந்து வாசலிலேயே நின்று, "என்ன?" என்று கண்ணால் கேட்டான். அவள் இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினாள். கிளினிக் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து செருப்பைத் தேடினாள், இந்த முறை போட்டுக்கொண்டுதான் போவது என்று. குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டாள். ரவிக்கையின் கைப்பக்கம் வெதுவெதுவென்று நனைந்தது. நனைந்து, வழிந்து, முழங்கைவரை ஓடியது.

"என்னங்க!" என்று கத்தினாள். புருஷன் பதறிப்போய் ஓடி வந்தான். ஈரக் கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அடி என் பன்னு, அடி என் ராசாத்தி" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்படியும் அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிளினிக்குக்குப் போன அன்று அதே சிஸ்டர், அதே தராசு, ஊசி போடும் நாள், அதே கூட்டம். பன்னுவைத் தட்டில் கிடத்திவிட்டு மேடையக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆயுசில் முதல் முறையாகத் தராசைப் பார்க்கப் பயந்தாள்.

சிஸ்டர் பார்த்தார். அதே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"கொஞ்சம்தான் ஏறியிருக்கு."

"ஏறியிருக்கா?" என்று கண்ணைத் திறந்தாள். "ஏறியிருக்குன்னா சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க சிஸ்டர்!"

"கொஞ்சம்தான்மா. மெதுவாத்தான் ஏறுது" என்றார் சிஸ்டர், இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று புரியாமல். "சரி, பிள்ளைய எடுங்க. அடுத்தவங்க நிக்கிறாங்க."