குடிக்கக் கூடாது

பொதுமக்களுக்கு நான் செய்த ஒரே தொண்டு, ஒரு கயிற்றைக் கண்டுபிடிக்காமல் இருந்தது.

மதுவிலக்கு வந்த புதிது. நான் சுகாதார ஆபீசில் குமாஸ்தா. மந்தைவெளிப் பக்கம் குடிசைகளுக்கு நடுவே ஒரு கிணறு. அதில் காலராக் கிருமி இருப்பதாகப் பரிசோதனைச் சீட்டு வந்தது. போன தேர்தலுக்கு முன் அதை வெட்டித் தந்தவர் கவுன்சிலர். பெயரைக் கல்லிலும் பொறித்திருந்தார். கிணற்றை மூடப்போகிறார்கள் என்றதும் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எம் பேரு போட்ட கெணத்துல வாந்திபேதின்னு எழுதுவியா நைனா? எலெக்சன் வருது, தெரியுமில்ல?"

எலெக்சன் என்றதும், எச்சரிக்கைப் பலகை போதும் என்று மேலதிகாரி இறங்கி வந்தார். வாசகம் என்னுடையது: 'இக்கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, காலரா உண்டாகும்.' கவுன்சிலர் முதலில் காலராவை அடித்தார். பிறகு கிணற்றை. கடைசியில் தண்ணீரையும். 'குடிக்கக் கூடாது' மிஞ்சியது. இவ்வளவு சுருக்கமாக நான் எழுதியதே இல்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

பலகையின் மகிமையைப் பார்க்கப் போனேன். கிணற்றடியில் ஆப்பம் சுடும் பெண், பக்கத்தில் அவளுடைய நாலு வயது மகள்.

"இன்னா சார், போலீசா? போர்டு வெச்சதுலேர்ந்து எங்க ஆளு குடிச்சிட்டு இந்தப் பக்கமே வர்றதில்ல" என்றவள், "வெயில்ல வந்துகீற, இந்தா தண்ணி" என்று டம்ளரை நீட்டினாள்.

குழந்தை எட்டி அதைப் பிடித்தது. தட்டிவிட்டேன்.

"புள்ள தண்ணிக்குக் கை நீட்னா தட்டி வுடறியே, நீயெல்லாம் மனுசனா?"

"அம்மா, போர்டு சாராயத்துக்கு இல்ல. இந்தத் தண்ணிக்குத்தான். இதுல வாந்திபேதி இருக்கு."

முந்தானையால் மகளின் வாயைத் துடைத்தாள். அது காய்ந்துதான் இருந்தது. மறுபடியும் துடைத்தாள்.

"அப்ப அத்த எழுதறதுக்கு இன்னா? இம்மாம் படிச்சிகீற, ரெண்டு வார்த்த சேத்து எழுதினா கை வலிக்குமா?"

கீழே கிடந்த டம்ளரை எடுத்து வைத்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

மறுநாள் கிணற்றில் ராட்டினம், கயிறு, வாளி ஒன்றும் இல்லை. ஜனங்கள் திட்டிக்கொண்டே தெருக்கோடிக் குழாய்க்கு நடந்தார்கள். கவுன்சிலர் குதித்தார். மேலதிகாரி விசாரணைக்கு உத்தரவிட்டு என்னை அனுப்பினார்.

அவள் குடிசை வாசலில் புதிதாக ஒரு கொடி. நல்ல தடித்த கயிறு. அதில் குட்டிப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

"குழாத் தண்ணி சார். அதையும் காய்ச்சி வெச்சிகீறேன். குடிப்பியா?"

குடித்தேன். குழந்தை என்னிடமிருந்து ஜாக்கிரதையாகத் தன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தது.

'கயிறு அகப்படவில்லை, விசாரணை நடைபெறுகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். மழைக்காலம் முடிந்து காலரா ஓயும்வரை விசாரித்தேன். அந்த வாசகத்தில் ஒரு வார்த்தையைக்கூட யாரும் அடிக்கவில்லை.